போர் போட்டுப் புதுப்பிப்பதா, பெரிய எஞ்சினாக்குவதா?

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் புல்லட் ஒன்று நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். பால் கேன்களைச் சுமந்துகொண்டு சூலூருக்கும் பீளமேட்டுக்குமாகப் பல ஆண்டுகள் ஓடிய வண்டி. இப்போது எத்தனை முறை உதைத்தாலும் கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலும் பின்னால் நீலப் புகை. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மேஸ்திரி, “சிலிண்டர் தேஞ்சு போச்சுங்க, போர் போட்டாகணும்” என்கிறார். பக்கத்தில் நிற்கும் உங்கள் அண்ணனுக்கு வேறொரு யோசனை தோன்றுகிறது. “ஏனுங்க மேஸ்திரி, எப்படியும் பிரிச்சாச்சு. இதையே ஐந்நூறு சி.சி. ஆக்கிப் போட முடியாதுங்களா?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செலவோடு செலவாக வண்டிக்குப் பலமும் கூடுமே! ஆனால் என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேய்ந்த எஞ்சினைப் பழைய அளவிலேயே ஒழுங்காகப் புதுப்பிப்பதுதான் பெரும்பாலும் சரியான முடிவு. ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணிதம் போதும்.

முதலில் சி.சி. என்றால் என்ன? சிலிண்டர் என்பது ஓர் உருளை. அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. ஒரு முறை மேலிருந்து கீழே இறங்கும்போது பிஸ்டன் விட்டுச் செல்லும் இடத்தின் கன அளவே எஞ்சினின் கொள்ளளவு. அதைக் கன சென்டிமீட்டரில் சொல்கிறோம். சிலிண்டரின் உள்விட்டத்தைப் பட்டறைக்காரர்கள் ‘போர்’ என்பார்கள். பிஸ்டன் ஓடும் தூரம் ‘ஸ்ட்ரோக்’.

பழைய 350 புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். அதாவது 7 செ.மீ., 9 செ.மீ. வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடித்து 9 ஆல் பெருக்குங்கள். 346 வருகிறதா? அதுதான் அந்த வண்டியின் உண்மையான சி.சி. 350 என்பது சொல் வசதிக்காக. 500 புல்லட்டுக்கும் ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ. தான். போர் மட்டும் 84 மி.மீ. கணக்குப் போட்டால் 499 வரும். 1955 முதல் சென்னையில், திருவொற்றியூர் ஆலையில் உருவாகி வந்த வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை இரண்டும். அண்ணன் கேட்டதில் தவறில்லை அல்லவா? விட்டத்தில் 14 மி.மீ. கூட்டினால் போதும் போலிருக்கிறது!

அவசரப்பட வேண்டாம். சிலிண்டர் எப்படித் தேய்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, கீழே திரும்புகிறது. அது வேகமாக ஓடும் இடத்தில் எண்ணெய்ப் படலம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. நின்று திரும்பும் இடத்தில் அந்தப் படலம் மெலிந்து விடுகிறது. போதாக்குறைக்கு, எரியும் வாயுவின் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் மிக அதிகம். எனவே மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுதி. விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தால் ஒரு படி தட்டுப்படும்.

இன்னொன்று: கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து ஆடுவதால் பிஸ்டன் பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளுகிறது. கிராங்க் அச்சுக்குக் குறுக்கான திசையில் இந்தத் தள்ளுதல் அதிகம். ஆகவே வட்டமாக இருந்த போர், நாளடைவில் நீள்வட்டமாகி விடுகிறது. மேஸ்திரி டயல் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் அளப்பது இதனால்தான். கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்தே ‘இது போச்சு’ என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் சிலிண்டர்தான் தேய்ந்ததா என்பதையும் பிரிப்பதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினை உதைத்து அழுத்தத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அழுத்தம் நன்றாக உயர்ந்தால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையே கசிந்து கொண்டிருந்தது என்று பொருள். எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து விட்டது. உயரவே இல்லையென்றால் வால்வுகள் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயில் இவ்வளவு விஷயம்! வால்வு கோளாறுக்குப் போர் போட்டுக் காசைத் தொலைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

சிலிண்டர்தான் தேய்ந்தது என்று உறுதியானால், பழைய அளவில் புதுப்பிப்பது என்றால் என்ன? தேய்ந்து கோணலான சுவரைக் கடைந்து மறுபடியும் ஒழுங்கான வட்டமாக்க வேண்டும். கடைந்தால் விட்டம் சற்றுக் கூடும். அதற்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டனும் ரிங்குகளும் போட வேண்டும். இவற்றை ‘ஓவர்சைஸ்’ என்பார்கள். வழக்கமாகக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாக ஒரு மில்லிமீட்டர் வரை கிடைக்கும். கடைசிப் படியான 71 மி.மீ. வரை போனால் கொள்ளளவு எவ்வளவு ஆகும்? 356 சி.சி. பத்தே பத்து சி.சி. தான் கூடியிருக்கிறது; நூற்றுக்கு மூன்று பங்கு. எஞ்சினை வடிவமைத்தவர்கள் இந்த மூன்று பங்கை முன்பே எதிர்பார்த்துத்தான் சுவருக்குக் கனம் வைத்தார்கள். ஆக, ‘பழைய அளவு’ என்பதிலேயே சிறிது பெரிதாவதும் அடங்கியிருக்கிறது.

கடைந்து முடித்ததும் சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கி விட்டால் நல்லது என்று நினைப்பீர்கள். அது தவறு. ஹோனிங் கற்களைக் கொண்டு சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும்; புது ரிங்கும் சுவரோடு பழகும்.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? இங்கே இயற்பியல் உள்ளே வருகிறது. பிஸ்டன் அலுமினியக் கலவை; பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே வெப்பத்திற்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல இரு மடங்கு விரியும். 70 மி.மீ. பிஸ்டனின் வெப்பநிலை 150 டிகிரி உயர்ந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.24 மி.மீ. கூடும். சிலிண்டர் 100 டிகிரி உயர்ந்தால் 0.08 மி.மீ. அளவுதான் கூடும். இடைவெளி குறைந்தால் நடுச்சாலையில் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். மிகுந்தால் குளிர்ந்த எஞ்சின் கடகடவென்று ஆடும்; எண்ணெய் மேலே ஏறும். அதனால்தான் பிஸ்டன் தலைப்பக்கம் சற்றுக் குறுகலாகவும், குறுக்கே லேசான நீள்வட்டமாகவும் செய்யப்படுகிறது. பார்த்தால் தெரியாது, மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும்.

சரி, இப்போது அண்ணனின் 500 சி.சி.க்கு வருவோம்.

350இன் சிலிண்டர் சுவரில் பக்கத்துக்கு 7 மி.மீ. கடைந்தெடுக்க இடமே இல்லை. எனவே வேறு சிலிண்டர் வேண்டும். சிலிண்டரின் அடிப்பகுதி நுழையும் கிராங்க் கேஸின் வாயையும் அகலப்படுத்த வேண்டும். சரி, இதையெல்லாம் செய்து விட்டோம், மேலே மூடியிருக்கும் ஹெட் மட்டும் பழையதே என்று வைத்துக் கொள்வோம். என்ன ஆகும்?

பழைய 350இன் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழேகால். அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 55 சி.சி. 346ஐயும் 55ஐயும் கூட்டி 55ஆல் வகுத்துப் பாருங்கள். இப்போது 346க்குப் பதில் 499 போடுங்கள். விகிதம் 10ஐத் தொட்டு விடுகிறது! நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த எஞ்சினின் ஹெட் வடிவத்திற்கு இது மிக அதிகம். பெட்ரோல் கலவை தீப்பொறி வந்த பிறகு ஒழுங்காக எரியாமல், ஒரு மூலையில் தானே வெடித்து எரியும். ‘டிக் டிக்’ என்று உலோகத்தில் சுத்தியால் தட்டுவது போல ஓசை கேட்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதும் உண்டு. எனவே ஹெட்டும் மாற வேண்டும்.

அதோடு முடிந்ததா? எரியும் வாயு பிஸ்டனை அமுக்கும் விசை, அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் வருவது. உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ என்று ஓர் உதாரணத்திற்கு வைத்துக் கொள்வோம். 70 மி.மீ. பிஸ்டனின் மேல் சுமார் 1540 கிலோ விசை விழும். 84 மி.மீ. பிஸ்டனின் மேல் 2200 கிலோவுக்கு மேல். ஒரு சிறிய காரின் எடையைவிட மிகுதியான விசை, ஒவ்வொரு முறை எரியும்போதும்! இத்தனையையும் தாங்க வேண்டியவை ஏற்கெனவே பல ஆண்டு உழைத்துக் களைத்த கனெக்டிங் ராடும், கிராங்க் பேரிங்கும், கிளச்சும், கியர்களும். இவற்றையும் மாற்றினால் உங்களிடம் இருப்பது பெரிதாக்கிய 350 அல்ல; பழைய சட்டத்தில் உட்கார்ந்த வேறொரு எஞ்சின். செலவுக் கணக்கை அண்ணனிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிறுத்த வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடி விடுகிறது. அந்தப் பழைய டிரம் பிரேக் அப்படியேதான் இருக்கிறது. ஓட்டப் போவது உங்கள் அண்ணன். அவிநாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு எத்தனை பேருந்தும் லாரியும் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் செய்தால் திறன் எவ்வளவு கூடும்? கொள்ளளவு 346லிருந்து 499 ஆகிறது. நூற்றுக்கு 44 கூடுதல். தொழிற்சாலையே கவனமாகச் செய்து வெளியிட்ட பழைய வார்ப்பிரும்பு 350இன் திறன் 18 குதிரைத்திறன். 500இன் திறன் 22. அதாவது நூற்றுக்கு 22 தான் கூடுதல்! அதற்கே கார்புரேட்டரை 24 மி.மீ.யிலிருந்து 28 மி.மீ. ஆக்க வேண்டியிருந்தது. ஏன் இப்படி? எஞ்சின் என்பது காற்றை மூச்சிழுக்கும் ஒரு பொறி. மார்பு பெரிதானால் மட்டும் போதாது, மூக்கும் பெரிதாக வேண்டும். வால்வும் கார்புரேட்டரும் வழிவிடாவிட்டால், உயர் வேகத்தில் பெரிய சிலிண்டர் பாதி வயிற்றோடுதான் ஓடும். குறைந்த வேகத்தில் இழுவை கூடும் என்பது உண்மை. மேடேறும்போது அது தெரியும். அண்ணன் எதிர்பார்ப்பது அதுவா, சத்தமா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

இதே குடும்பத்தில் மறுபக்க உதாரணமும் உண்டு. 2013இல் வெளிவந்த கான்டினென்டல் ஜி.டி. வண்டிக்குப் போரை 84லிருந்து 87 மி.மீ. ஆக்கினார்கள். ஸ்ட்ரோக் அதே 90. கணக்குப் போட்டால் 535 வரும். சி.சி. கூடியது நூற்றுக்கு 7, திறனும் 27.2லிருந்து 29.1 ஆகி, ஏறத்தாழ அதே 7 பங்கு கூடியது. எரிபொருள் செலுத்தும் முறை, பிரேக், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைத்ததன் பலன் அது. 2020இல் வந்த புதிய 349 சி.சி. எஞ்சினோ, பழைய 346ஐவிட மூன்றே சி.சி. பெரியது, தருவது 20.2 குதிரைத்திறன். சி.சி. கூடாமலே திறன் கூடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நம் ஊர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளைவிட அதிகம் உழைத்த எஞ்சின் ஒன்று உண்டு. கிணற்றோரம் ‘டக் டக்’ என்று ஓடிய 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்தான் அது. மின்மோட்டார் வந்த பிறகும் பல தோட்டங்களில் அது துணைக்கு நிற்கிறது. இதிலும் அதே கேள்வி எழும்: தேய்ந்த 5ஐப் புதுப்பிப்பதா, 7 ஆக்குவதா?

பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் காணப்படும் கிர்லோஸ்கர் ஏ.வி.1, டி.வி.1 எஞ்சின்களை எடுத்துக் கொள்வோம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 110 மி.மீ. முன்னதன் போர் 80 மி.மீ., 553 சி.சி., 3.7 கிலோவாட். பின்னதன் போர் 87.5 மி.மீ., 661 சி.சி., 5.2 கிலோவாட். இரண்டும் நிமிடத்திற்கு 1500 சுற்று. புல்லட்டுக்கு நேர்மாறாக, இங்கே கொள்ளளவு நூற்றுக்கு 20 கூடியதும் திறன் 40 கூடுகிறது. ஒவ்வொரு முறையும் பீய்ச்சப்படும் டீசலின் அளவும், அதைத் தாங்கும் உறுப்புகளும் சேர்ந்து முடிவு செய்த எண் அது. சி.சி.யை மட்டும் பார்த்துத் திறனைச் சொல்ல முடியாது என்பது இரண்டு பக்கமும் நிரூபணம் ஆகிறது.

விவசாயிக்கு வேண்டியது குதிரைத்திறன் அல்ல, தண்ணீர். கவர்னர் என்னும் கருவி எஞ்சினை 1500 சுற்றிலேயே கட்டி வைக்கிறது. அந்தச் சுற்றில், அந்த ஆழத்திலிருந்து, அந்தப் பம்பு எவ்வளவு தண்ணீர் தருமோ அவ்வளவுதான் தரும். பின்னால் 5 இருந்தாலும் 7 இருந்தாலும் வாய்க்காலில் ஒரு குடம்கூட அதிகம் விழாது! பழைய எஞ்சின் மூச்சுத் திணறிச் சுற்றுக் குறைந்திருந்தால், பழைய அளவில் புதுப்பித்தாலே 1500க்குத் திரும்பி விடும்; தண்ணீரும் திரும்பும். சுற்றைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டலாமே என்றால், மையவிலக்குப் பம்பு கேட்கும் திறன் சுற்றின் மும்மடியில் ஏறுகிறது. சுற்று நூற்றுக்கு 10 கூடினால் திறன் 33 கூட வேண்டும். கிணறு இறங்கிப் போய் ஆழம் கூடிவிட்டது என்பவர், பம்பையும் எஞ்சினையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது பெரிய எஞ்சின் வாங்குவதை நானும் ஒப்புக்கொள்வேன். ஊற்றே குறைந்த கிணற்றுக்கு எந்த எஞ்சினும் உதவாது என்பது தனிக் கதை.

“அப்படியானால் புதிதாக எதையுமே செய்து பார்க்கக் கூடாதா? ஜி.டி.நாயுடு பிறந்த மண்ணில் இப்படிச் சொல்லலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். பிரிப்பதை நான் தடுக்கவில்லை. இன்னொரு கோவைக்காரரான கரிவர்தனைப் பாருங்கள். கார்ப் பந்தயத்தில் பெயர் பெற்ற அவர், 1988இல் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் எளிய பந்தயக் காரை உருவாக்கினார். அதில் வைத்தது என்ன எஞ்சின்? கடையில் விற்ற மாருதி 800இன் அதே 796 சி.சி. எஞ்சின். எடையைக் குறைத்து, சட்டத்தை மாற்றி, வேகத்தை வேறு வழியில் தேடினார். அந்தக் காரில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டுப் பந்தயத்திலும் எஞ்சின் 3 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி. பந்தயக்காரர்களே அளவைக் கட்டி வைத்துக்கொண்டுதான் திறமையைக் காட்டுகிறார்கள். செய்து பார்க்க ஆசையா? செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட, கரிவர்தன் பெயர் தாங்கிய பந்தயத் தடம் இருக்கிறது. கல்லூரிப் பட்டறை இருக்கிறது. பொதுச்சாலை அதற்கான இடமல்ல.

சட்டமும் அதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பதிவுச் சான்றில் சி.சி. என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்தத் தாளைத்தான்.

போர் போட முடிவு செய்துவிட்டால், மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: “இது ஏனுங்க தேஞ்சது?” காற்று வடிகட்டி கிழிந்து, மண் தூசி உள்ளே போயிருந்தால் புதுப் பிஸ்டனும் அதே மண்ணைத்தான் தின்னும். எண்ணெய் பம்பு சோர்ந்திருந்தாலும் அப்படியே. காரணத்தைச் சரி செய்யாமல் போர் மட்டும் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வெள்ளை அடிப்பது போன்றது. பிஸ்டனை முதலில் வாங்கி அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். கடைந்து விட்டுப் பிஸ்டனைத் தேடக் கூடாது. கடைந்த அளவை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் ஓட்டி, எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

கடைசி ஓவர்சைசான 71 மி.மீ.யும் தேய்ந்து போனால்? அப்போதும் வழி உண்டு. சிலிண்டரை இன்னும் சற்று அகலமாகக் கடைந்து, உள்ளே வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கிப் பொருத்துவார்கள். பட்டறையில் அதற்கு ‘ஸ்லீவ்’ என்று பெயர். அதன் உள்விட்டத்தைக் கடைந்து முடித்தால் டயல் கேஜ் மறுபடியும் 70 மி.மீ. காட்டும்.